சரசு அக்காவின் காடியும் உலகத் தரமும்

போன மாதம் எங்கள் பழைய கார் கிளப்பைச் சேர்ந்த இரண்டு இளவட்டங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். கிளப் சார்பில் மலர் ஒன்று போடுகிறார்களாம். அதில் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: ‘நம் கிளப்பை உலகத் தரத்துக்கு உயர்த்துவது எப்படி?’

“அண்ணே, முப்பது வருசம் காடி செக் பண்ண ஆளு நீங்க. வெளிநாட்டு கிளப்பெல்லாம் பாத்திருக்கீங்க. ரெண்டு பக்கம் எழுதி குடுங்கலா,” என்றான் அவர்களில் ஒருவன், தீபன்.

எழுதுகிறேன். ஆனால் அந்தத் தலைப்பில் எழுத மாட்டேன். உயர்த்துவதற்கு நாம் ஒன்றும் பள்ளத்தில் விழுந்து கிடக்கவில்லை. உலகத் தரம் என்ற ஒன்று ஒரு முறை நம் கிளப்புக்கு வந்தது. வந்து என்ன செய்தது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் நான். அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போட்டால் போடுங்கள், போடாவிட்டால் போங்கள்.

நான் வேலை பார்த்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு வாகனப் பரிசோதனை நிலையத்தில். முதல் மூன்று வருடம் குழிக்குள் நின்று காடிகளின், அதாவது கார்களின், அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது, கண்ணில் துரு விழுந்தது, வேலை பழகியது. பிறகு பழைய வண்டிகளைப் பார்க்கும் ஐந்தாவது லேனில் போட்டார்கள். வேறு யாருக்கும் அந்த லேன் பிடிக்காது. எனக்கு அதைவிட்டால் வேறொன்றும் பிடிக்காமல் போயிற்று.

அங்கே முக்கியமான வேலை எண் பார்ப்பது. ஒவ்வொரு காடிக்கும் பிறக்கும்போதே இரும்பில் குத்திய ஓர் எண் உண்டு. அந்த எண்ணும் ‘கிராண்ட்’ என்று நாங்கள் சொல்லும் பதிவு அட்டையில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். முதலில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், சுரண்டக் கூடாது. டார்ச்சை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் எல்லா எண்ணும் யோக்கியன்தான். சாய்ந்த வெளிச்சத்தில்தான் அரம் போட்ட கோடு எழுந்து நிற்கும். கடைசியில் மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, படிவத்தோடு இணைக்க வேண்டும். படிவத்தில் இரண்டே கட்டம்: ‘அசல்’, ‘மாற்றப்பட்டது’. ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது.

எங்கள் மேலதிகாரி மிஸ்டர் டான். எந்த வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி நான் பார்த்ததில்லை. காடியைக் கையால் தொட மாட்டார். மடித்த கைக்குட்டையால்தான் பானெட்டைத் தூக்குவார். கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், இவர் குரலைத் தாழ்த்துவார். அவர் கிசுகிசுக்க ஆரம்பித்தால் லேன் முழுக்க அடங்கிவிடும். கை சுத்தமான மனிதர். யாரிடமும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறுகூட வாங்கியதில்லை. ஆனால் படிவத்தில் கட்டம் இல்லாத எதுவும் இந்த உலகத்தில் நடக்காது என்று உறுதியாக நம்பினார்.

வெளிநாட்டுக் கிளப்கள் பினாங்கில் கூடும்போது பிரேக், டயர் பார்க்க எங்களிடம்தான் வருவார்கள். ஐந்தாவது லேன் என்பதால் எல்லோரும் என் தலையில்தான் விழுவார்கள்.

முதலில் வந்தவர்கள் ஹட்யாய் பக்கத்துத் தாய்லாந்துக்காரர்கள். ஒரு காடியின் உள்கூரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பூஞ்சணம் என்று நினைத்துத் துணியை எடுத்தேன். ஓட்டி வந்தவர் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்த மற்றவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். அது பிக்கு ஒருவர் மந்திரம் சொல்லி இட்ட காப்பாம். மலாய் தெரிந்த ஒருவர் சொன்னார்: “பிரேக்கை நீங்க பாருங்க. இதை ஏற்கனவே பார்த்தாச்சு.” நான் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

ஜப்பான் கிளப் வேறு மாதிரி. கப்பலில் காடிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காடிக்கும் காடிக்கும் உள்ள இடைவெளியைக் கயிறு பிடித்து அளந்து நிறுத்தினார்கள். எண்ணெய் சொட்டினால் எங்கள் தரை அழுக்காகுமே என்று ஒவ்வொரு எஞ்சினுக்கு அடியிலும் அட்டை விரித்தார்கள். புறப்படும் நேரத்தில் ஒருவர் காடி கிளம்பவில்லை. அவர் மற்றவர்கள் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர்களும் குனிந்தார்கள். பிறகு சொன்ன நிமிடத்தில் கிளம்பிப் போயேவிட்டார்கள்! எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவர்களில் ஒருவரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். “அவரால் எல்லோருக்கும் தாமதம் என்று ஆகியிருந்தால் அவர் அப்புறம் எங்கள் முகத்தைப் பார்ப்பாரா?” என்று திருப்பிக் கேட்டார். அவர்கள் விட்டுப்போனதுதான் அவருக்குச் செய்த மரியாதை என்று அப்போதுதான் விளங்கியது.

சிங்கப்பூர்க்காரர்களின் கதை பாவம். பழைய காடி என்று பதிந்தால் வருடத்தில் எண்ணி இத்தனை நாள்தான் ஓட்டலாமாம். அதனால் இங்கே வந்தால் எஞ்சினை நிறுத்தவே மனம் வராது. பக்கத்து வீதியில் சாப்பிடப் போவதற்குக்கூட தீவின் மறுகோடியில் உள்ள பாலிக் புலாவைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தோன்றியது. எந்த ஊர் கிளப்பாக இருந்தாலும் அதன் விதி அந்த ஊர்க்காரர்களின் பயத்திலிருந்து வருகிறது. ஐரோப்பாவில் பழைய காடி என்பது தங்கக்கட்டி. போலியை அசல் என்று விற்கப் பெரிய கூட்டமே இருக்கிறது. அதனால் அவர்களுக்கு எண்தான் கடவுள். காடியோடு ஒரு தடிமனான கோப்பும் வரும். ஒரு திருகாணியின் தலை மாறியிருந்தாலும் மதிப்பெண் குறையும். அவர்கள் ஊரில் அது நியாயம்தான்.

நமக்கு என்ன பயம்? தெலுக் பஹாங் ஏற்றத்தில் காடி கொதித்து நின்று, தன்னந்தனியாக ரோட்டோரம் உட்கார வேண்டிவருமோ என்ற பயம். அதனால் நம் கிளப்பில் ஒரு காடி நின்றால் எல்லாக் காடியும் நிற்கும். ஒரு பானெட்டுக்குள் இருபது தலை, இருபது அபிப்பிராயம், எல்லாம் தப்பு. கடைசியில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள், அது கிளம்பும். பிறகு ‘டிடி’. தே தாரிக் என்ற ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் பேசுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அதுதான். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே நிறத்துச் சட்டை போட்டு உட்கார்ந்து, வந்த வழியில் நின்ற காடியைக் கேலி செய்வோம். “இது கார் கிளப்பா, சாப்பாட்டுக் கிளப்பா?” என்று ஒரு வெளிநாட்டுக்காரர் என்னிடம் கேட்டார். இரண்டும்தான் என்றேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி சரசு அக்கா. புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். தீவிலிருந்து பாலம் தாண்டித் தினமும் தன் பழைய பிரிட்டிஷ் காடியிலேயே வேலைக்குப் போய்வருவார். என்ன காடி என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்த ரகத்துக்காரர்களும் இந்த ரகத்துக்காரர்களும் என் வீட்டு வாசலில் சண்டைக்கு நிற்பார்கள். கார்புரேட்டரைத் தானே கழற்றி மாட்டுவார். கிளப்பில் ஆண்கள் விட்ட கதைகளில் பாதியை “சும்மா அளக்காதீங்கலா” என்று அவர்தான் நிறுத்துவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் சம்பளத்தில் வாங்கிய முதல் பெரிய பொருள் அந்தக் காடி. வேறு சொத்து கிடையாது.

அந்த வருடம் ஓர் ஐரோப்பியக் கிளப்போடு சேர்ந்து பாடாங் திடலில் கண்காட்சி வைத்தோம். நம் தலைவருக்கு உலகத் தர ஆசை பிடித்திருந்தது. அவர்கள் விதியின்படியே நம் காடிகளையும் மதிப்பிடட்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நடுவராக வந்தவர் வயதான, மிகவும் மரியாதையான மனிதர். பூதக்கண்ணாடியோடு சரசு அக்காவின் பானெட்டுக்குள் குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. எண்ணின் நடுவில் இரண்டு இலக்கம் இல்லை. “மன்னிக்கவும், இந்தக் காடி யாரென்று எனக்குத் தெரியவில்லை. வரிசையில் வைக்க முடியாது,” என்றார்.

அவர் சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது என்று இருந்திருப்பேன். நம் தலைவர் பயந்துபோய், “அக்கா, கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்க,” என்றார். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் தலைவர், எண் அழிந்த இந்தக் காடிக்கும் கிளப்புக்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் நிலையத்தின் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பதினெட்டு வருடம் கூடவே ஓடிய காடி! ஏற்றத்தில் நின்ற ஒருவரையும் விட்டுப்போகாத கிளப், சமதரையில் ஒருத்தியை விட்டுவிட்டுப் போயிற்று. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இதை எழுதும்போதும் பேனா அழுந்துகிறது.

கடிதத்தின் பலனாகக் காடியை இழுவை லாரியில் ஏற்றி எங்கள் நிலையத்துக்கே கொண்டுவந்தார்கள். ‘மாற்றப்பட்டது’ என்று டிக் விழுந்தால் பறிமுதல். அக்கா மேல் வழக்கு. காடி கடைசியில் நசுக்கப்பட்டு இரும்புக்கடைக்குப் போகும்.

மிஸ்டர் டான் கைக்குட்டையால் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இலக்கங்கள் இல்லாத இடத்தில் ஒரு பள்ளம். பக்கத்து மடிப்பில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. “ரெட் பிரைமர்,” என்றார். அரம் போட்ட அடையாளத்தை மறைக்கத் திருடர்கள் பூசும் சிவப்புப் பெயின்ட் அது. “இரண்டாவது கட்டம், குணா.”

“கொஞ்சம் பொறுங்க பாஸ். எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“நீ அந்தக் கிளப்பில் இருக்கிறாய். உன் சந்தேகம் எனக்குச் சந்தேகம்,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. ஆனாலும் நாளை மாலை வரை நேரம் கொடுத்தார்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அரம் போட்டிருந்தால் நேர்கோடுகள் தெரியும். இங்கே எல்லாம் வட்டம் வட்டமான மெல்லிய கீறல்கள். பள்ளத்துக்கு விளிம்பே இல்லை. அம்மியின் நடுப்பகுதி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரே நாளில் செய்த வேலை அல்ல அது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, இந்த எடத்துல என்னா செய்வீங்க?”

“பொட்டு வைப்பேன். வேற என்னா?”

“இங்கியா?”

“பின்ன? அதோட பேரு அங்கதான எழுதிருக்கு. அப்ப அதான நெத்தி?”

“சரி. பழைய பொட்ட எப்படி எடுப்பீங்க?”

“அழுக்கு மேலயே வைக்க முடியுமா தம்பி? குத்துவெளக்கு வெளக்குற மாதிரி புளியும் தேங்கா நாரும் போட்டு பளபளன்னு தேய்ச்சிட்டுத்தான் வைப்பேன்.”

“வருசத்துக்கு ஒருக்கா, ஆயுத பூசைக்குத்தான?”

“ஆயுத பூசைக்கு மட்டுமா? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை. வாங்குனதுலேர்ந்து. இருவத்தாறு வருசமா.”

அலாமாக்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருடன்கூட இவ்வளவு சிரத்தையாக ஒரு எண்ணை அழித்திருக்க மாட்டான்.

மிஸ்டர் டானிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் உரிமையாளரே அழித்திருக்கிறார்,” என்றார்.

“அழிக்கல பாஸ். கும்பிட்டிருக்காங்க.”

“படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அந்தச் சிவப்பும் பிரைமர்தான்.”

அங்கேதான் அவர் தவறினார். வீட்டில் குங்குமம் கலந்தவர்களுக்குத் தெரியும்: மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு, அதில் எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சள். கேண்டீனிலிருந்து ஒரு வெள்ளைச் சாசரும் இரண்டு எலுமிச்சம்பழமும் வாங்கிவந்தேன். மடிப்பிலிருந்து எடுத்த சிவப்புத் தூளைச் சாசரின் ஒரு பக்கத்தில் வைத்தேன். மறுபக்கத்தில் பட்டறையிலிருந்த ரெட் பிரைமரைச் சுரண்டி வைத்தேன். இரண்டின் மேலும் பழத்தைப் பிழிந்தேன். பிரைமர் சும்மா கிடந்தது. இந்தப் பக்கம் மஞ்சளாகிச் சாசரில் வழிந்தது.

மிஸ்டர் டான் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கைப்பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இன்னொரு பழத்தை எடுத்துத் தானே பிழிந்து பார்த்தார். மறுபடியும் மஞ்சள். “சரி, பிரைமர் இல்லை,” என்றார். “ஆனால் எண் வரவில்லையே, குணா. அந்த இரண்டு இலக்கம் என்ன என்று எப்படிச் சொல்வாய்?”

நியாயமான கேள்வி. மரியாதைக்குரிய கேள்வியும்கூட. எண் குத்தியிருந்தது மெல்லிய தகட்டில். மெல்லிய தகட்டில் ஓங்கிக் குத்தினால் பின்பக்கம் லேசாகப் புடைத்துக்கொள்ளும். அந்தப் பின்பக்கம் காடிக்குள்ளே, டாஷ்போர்டுக்கு அடியில், கனத்த துணி விரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. முன் சீட்டைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தேன். ஒட்டியிருந்த விரிப்பை விரல் விரலாக உரித்தேன். அக்கா வெளியிலிருந்து டார்ச் பிடித்தார். வியர்வை காதுக்குள் போனது. தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து, மூச்சுவிடாமல் தேய்த்தேன். ஆறாவது தாளில் இரண்டு இலக்கம் இடவலம் மாறிய முகத்தோடு, சாம்பல் நிழலாக வந்தது. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். நான்கு. ஒன்பது. கிராண்டிலும் அதேதான் இருந்தது.

“அக்கா, வந்திருச்சு,” என்றேன். அவர் டார்ச்சை அணைக்க மறந்து, என் கண்ணிலேயே அடித்துக்கொண்டு நின்றார்.

படிவத்தை எடுத்தேன். ‘அசல்’ என்று டிக் போட முடியாது. எண் முழுதாக இல்லை. ‘மாற்றப்பட்டது’ என்றும் போட முடியாது; யாரும் மாற்றவில்லை. மிஸ்டர் டானின் மேசையிலிருந்த அடிக்கோலையே எடுத்து, அந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் ‘வழிபாட்டால் தேய்ந்தது’ என்று எழுதி டிக் போட்டேன். கையெழுத்தும் வைத்தேன்.

“குணா,” என்றார், காதில் விழாத குரலில். “அச்சடித்த படிவத்தில் நீ கட்டம் வரைகிறாய். இதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“வேணாம் பாஸ். என் கையெழுத்து போதும்.”

அவர் சொன்னபடியே போடவில்லை. தான் உடன்படவில்லை என்று தனியாக ஒரு குறிப்பு இணைத்தார். ஆனால் சாசரில் தான் கண்டதையும் அதில் ஒரு வரி விடாமல் எழுதினார். அதனால்தான் அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது.

முடிவு வர ஏழு வாரமாயிற்று. காடி எங்கள் முற்றத்தில் தகரக் கூரைக்கடியில் கிடந்தது. அக்கா தினமும் மதிய இடைவேளையில் புக்கிட் தெங்காவிலிருந்து பஸ் பிடித்து வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். இரண்டாவது சனிக்கிழமை கிளப்பிலிருந்து ஒரு காடி வந்து அவர் பக்கத்தில் நின்றது. அடுத்த சனிக்கிழமை ஒன்பது. அதற்கடுத்த வாரம் எங்கள் வாசலில் காடி நிறுத்த இடமில்லை. யாரும் கோஷம் போடவில்லை. பக்கத்துக் கடையில் தே தாரிக் வாங்கிவந்து, பானெட் மேல் வைத்துக் குடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் வரவில்லை, அந்த மாதமே பதவியை விட்டுவிட்டார். இதையும் உலகத் தரப் புத்தகத்தில் எழுதிக்கொள், தீபா.

மேலிடம் என் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. படிவத்தில் கட்டம் வரைந்ததற்காக என்னைக் கனரக லாரி லேனுக்கு மாற்றியது. ஓய்வுபெறும் வரை ஐந்து வருடம் லாரிப் புகை குடித்தேன். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வருத்தமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. இன்னொரு படிவம் கொடுத்தால் இன்னொரு கட்டம் வரைவேன்.

லாரி லேனுக்குப் போவதற்கு முன் ஐந்தாவது லேனில் என் கடைசி வேலை, அந்தக் காடிக்குப் பழைய எண்ணுக்குக் கீழே அதே எண்ணைப் புதிதாகக் குத்துவது. எஃகு அச்சுகளை வரிசையாக வைத்து, ஓர் இலக்கத்துக்கு ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டிக்கும். மிஸ்டர் டான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். கடைசி இலக்கம் விழுந்ததும் துடைத்துவிட்டு விலகினேன்.

அக்கா கைப்பையைத் திறந்தார். சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, இரும்பு இன்னும் பளபளத்துக்கொண்டிருந்த அந்தப் புது எண்ணின் நட்டநடுவில் வைத்தார். பிறகு மிஸ்டர் டானைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

“அக்கா, பொட்டு வைங்க. புளி மட்டும் வேணாம்,” என்றேன்.

“அத நான் பாத்துக்கறேன்லா,” என்றார் அக்கா.

அன்றைய அறிக்கையில் மற்றதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, பிற குறிப்புகள் என்ற இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘புதிய எண்ணின் மேல் உரிமையாளர் என் முன்னிலையில் குங்குமம் இட்டார். நான் தடுக்கவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டேன். மிஸ்டர் டான் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் பேனாவையே வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.